புக்கிட் தீமா புகைவண்டி நிலையத்தின் வரலாறு

சிங்கப்பூர் இருப்புப்பாதை என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது தஞ்சோங் பகார் நிலையமே. அதன் உயர்ந்த மண்டபத்தையும், முகப்பில் நிற்கும் நான்கு சிலைகளையும், அங்கே உறவினரை வழியனுப்பியதையும் வரவேற்றதையும் பேசாத மலாயாத் தமிழ்க் குடும்பம் அரிது. அதே பாதையில் வடக்கே சில மைல் தொலைவில், மரங்களுக்கிடையே, செங்கல்லால் கட்டப்பட்ட ஒரு சிற்றில்லம் போன்ற நிலையம் ஒன்று இருந்தது. இன்றும் இருக்கின்றது. அதுவே புக்கிட் தீமா நிலையம். பிற்காலத்தில் அங்கே வண்டியேறினோர் மிகச் சிலர், இறங்கினோரும் அவ்வாறே. ஆயினும் 1932 முதல் 2011 வரை எழுபத்தொன்பது ஆண்டுகள் அந்நிலையம் ஒருநாளும் வேண்டாததாகக் கருதப்படவில்லை. பயணிகள் இல்லாத நிலையத்துக்கு என்ன வேலை? அந்த வேலை யாது என்பதை அறிந்தால்தான் அந்நிலையத்தின் வரலாறும், அது மூடப்பட்டபோது உண்மையில் மறைந்தது எது என்பதும் விளங்கும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். புக்கிட் தீமா என்பது சிங்கப்பூர்த் தீவின் மிக உயர்ந்த குன்று. உயரம் ஏறத்தாழ 163 மீட்டர். 'தீமா' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெள்ளீயம் என்பது பொருள். பெயரில் ஈயம் இருப்பினும் அக்குன்று பெயர் பெற்றது கருங்கல்லுக்கே. அங்கே வெட்டியெடுத்த கல் நகரத்துக் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் சென்றது. ஜோகூர்க் கடற்பாலத்துக்கும் சென்றது. குன்றின் அடிவாரத்தில் சாலையோரச் சிற்றூர், அதைச் சுற்றிக் காடும் தோட்டமும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தார்க்கு அது நாட்டுப்புறம்.

அந்நாட்டுப்புறத்துக்கு இரயில் வந்தது 1903-ஆம் ஆண்டு. சிங்கப்பூர் – கிராஞ்சி இருப்புப்பாதை என்று வழங்கிய அப்பாதையின் முதற்பகுதி, 1903 சனவரி முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் எஞ்சிய பகுதி உட்லண்ட்ஸ் கடற்கரை வரை நீண்டது. ஆகவே மூன்று மாதம் பத்து நாள் புக்கிட் தீமாவே சிங்கப்பூர் இரயிலின் வடமுனையாக இருந்தது. வரலாற்றில் இச்சிறு செய்தியை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனினும் இந்நிலையம் ஒரு பெரும் பாதையின் முனையாக எண்ணப்பட்டது அந்த ஒரு முறை மட்டுமன்று; பின்னர் மற்றொரு முறையும் அவ்வாறு எண்ணப்பட்டது. அதனை உரிய இடத்தில் காண்போம்.

பழைய பாதையின் தென்முனையாகிய டேங்க் ரோடு நிலையம், செட்டியார் கோயில் என்று நாம் வழங்கும் தண்டாயுதபாணி கோயிலின் அருகில் இருந்தது. கோயில் எழுந்தது 1859-இல். நிலையம் வந்தது அதற்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். அங்கிருந்து நியூட்டன், குளூனி, ஹாலந்து ரோடு வழியாகப் புக்கிட் தீமாவுக்கு வண்டி ஓடியது. உட்லண்ட்ஸில் இறங்கிய பயணி நீராவிப் படகில் ஏறி ஜோகூர் பாருவை அடைய வேண்டும். அக்கரையில் அப்போது தொடர்ந்து செல்ல இரயில் இல்லை. ஜோகூர் மாநில இருப்புப்பாதை முற்றுப்பெற்றது 1909-இல். அதன் பிறகே பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையிலிருந்து ஜோகூர் பாரு வரை ஒரே தொடர்பாதை உண்டாயிற்று. சரக்கு வண்டிகளைத் தண்டவாளம் பதித்த மிதவைகளில் ஏற்றிக் கடல் கடத்தும் வழக்கமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது.

1918-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை இங்கே நினைவில் கொள்ளுதல் நலம். ஏனெனில் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த வழக்குக்கெல்லாம் வித்து அதுவே. அதுவரை சிங்கப்பூர் இரயில் நீரிணைக் குடியேற்ற அரசின் உடைமை. 1918-இல் அதனைக் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசுக்கு 4,136,000 வெள்ளிக்கு விற்றுவிட்டனர். வண்டியும் தண்டவாளமும் மட்டும் கைமாறவில்லை; பாதை கிடந்த நிலமும் கைமாறியது. நிலத்தின் ஒரு பகுதி முழு உரிமையாகவும், ஒரு பகுதி 999 ஆண்டுக் குத்தகையாகவும் இரயில் நிருவாகத்தைச் சேர்ந்தது. விற்றவரும் வாங்கியவரும் ஒரே ஆங்கில ஆட்சியின் இரு கைகள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றியது பிற்காலத்தில் இரு நாடுகளின் பொருளாகும் என்று அன்று எவரும் கருதியிருக்க வழியில்லை.

கடற்பாலம் வந்தபின் நிலைமை மாறியது. 1923 செப்டம்பரில் சரக்கு வண்டிகளும், அக்டோபர் முதல் நாள் பயணி வண்டிகளும் பாலத்தின்மேல் ஓடத் தொடங்கின. முறையான திறப்பு விழா 1924 ஜூன் 28-இல் நடந்தது. இதனால் கோலாலம்பூரிலிருந்தும் பிறையிலிருந்தும் வரும் வண்டிகள் நேராகச் சிங்கப்பூர் நகருக்குள் நுழைந்தன. அங்கேதான் இடையூறு தோன்றியது. நகரப் பகுதியில் பாதை சாலைகளின் குறுக்கே தரைமட்டத்தில் சென்றது. மோட்டார் வண்டிகள் பெருகிய காலம் அது. இரயில் வரும்போதெல்லாம் கேட்டை அடைத்து மக்களை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. மேலும், இரயில் நின்ற இடம் ஒன்று, கப்பல் நின்ற இடம் வேறொன்று. உள்நாட்டிலிருந்து வரும் ரப்பரும் ஈயமும் துறைமுகத்துக்கு அருகில் இறங்க வேண்டாமா?

ஆகவே புக்கிட் தீமாவுக்குத் தெற்கே பழைய பாதையைக் கைவிட்டு, மேற்கே வளைத்துப் புதுப் பாதை அமைக்கத் துணிந்தனர். சாலைகளுடன் மோதாதபடி, மேட்டின்மீதும் பாலங்களின்மீதும் வெட்டுப்பள்ளங்களின் ஊடும் சென்று, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் முடியும் பாதை அது. 1932 மே 2-ஆம் நாள் கவர்னர் சர் செசில் கிளமெண்டி தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்துவைத்தார். டேங்க் ரோட்டு நிலையமும் நியூட்டனும் குளூனியும் ஹாலந்து ரோடும் மறைந்தன. அவை இருந்த தடத்தை இன்று நகரத்தில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பழைய பாதையின் நிலையங்களுள் பெயர் மாறாமல் புதுப்பாதைக்கும் உரியதாக நின்றது புக்கிட் தீமா. இப்போது நாம் காணும் செங்கற் கட்டடம் அப்போது எழுந்ததே.

அக்கட்டடத்தில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஒற்றைத் தளம், சாய்ந்த ஓட்டுக் கூரை, பூசாத செங்கற் சுவர், ஒரு நடைமேடை, ஊழியர் குடியிருப்பு. இங்கிலாந்தின் நாட்டுப்புற நிலையங்களைப் பார்த்து வரைந்த அமைப்பு. கோலாலம்பூர் நிலையத்துக் கூம்புகளையும் வளைவுகளையும் கண்ட கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. வடக்கே சிறிது தூரத்தில் புக்கிட் தீமா சாலையைத் தாண்டும் இரும்புச் சட்டப் பாலம்தான் வழிப்போக்கர் கண்ணை ஈர்ப்பது.

இப்பாதையில் உழைத்தவர் யார் என்பதையும் ஈண்டுக் கூறிவிடுவோம். கூட்டு மலாய் மாநில இரயிலின் முதற் பொது மேலாளர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர். அவர் இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றிவிட்டு 1891-இல் சிலாங்கூருக்கு வந்தவர். 1901-இல் அப்பதவியை ஏற்றார். இலங்கைத் தொடர்பு அவரோடு நிற்கவில்லை. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் மலாயா இரயிலில் சேர்ந்தனர். தண்டவாளத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றவரோ பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். சல்லி கொட்டுவதும், சிலிப்பர்க் கட்டை மாற்றுவதும், ஆணி தளர்ந்ததா என்று ஒவ்வொரு நாளும் பாதையை நடந்து பார்ப்பதும் அவர்கள் வேலை. நம் தோட்டங்களில் 'கேங்கு' என்ற சொல் புழங்குவது போலவே இரயில் பாதையிலும் அது புழங்கியது. மேஸ்திரியும் கேங்கும் இல்லாத இருப்புப்பாதை மலாயாவில் இருந்ததில்லை.

அவர்கள் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் ஒரு தடம் இருக்கின்றது. புதுப்பாதை திறந்த அதே 1932-ஆம் ஆண்டில், பாதையை ஒட்டிய குவீன்ஸ்வேயில் இருப்புப்பாதை ஊழியர்கள் முனியாண்டிக்குச் சிறு குடில் ஒன்று அமைத்து வழிபட்டனர். சாலை விரிவுக்காக அவ்விடத்தை விட்டுப் பெயர்ந்த அக்கோயில், இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக ஓங்கி நிற்கின்றது; அதன் புதுக் கட்டடத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1998-இல். தோட்டத்து எல்லையில் முனியைக் காவலுக்கு நிறுத்தும் நம் வழக்கத்தைத் தண்டவாளத்தின் ஓரத்திலும் அவர்கள் விடவில்லை. இரயில் சென்ற பாதையில் இன்று இரயில் இல்லை, முனீஸ்வரன் இருக்கிறார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். புக்கிட் தீமா நிலையத்துக்கு என்ன வேலை?

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை பாதை ஒன்றே. போகும் வண்டிக்கும் வரும் வண்டிக்கும் அதே இரண்டு தண்டவாளங்கள்தாம். எதிரெதிரே இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் புகுந்தால் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆகையால் இடையில் ஓரிடத்தில் பாதையை இரண்டாகப் பிரித்து, ஒரு வண்டி ஒதுங்கி நிற்க மற்றது கடந்து செல்லும் வசதி வேண்டும். அந்த இடம் புக்கிட் தீமா. ஒதுங்க இடம் இருந்தால் மட்டும் போதுமா? ஒதுங்காமல் ஒருவர் புகுந்துவிட்டால்? அதைத் தடுக்க ஏற்பட்டதே சாவி முறை. 'டோக்கன்' என்று இரயில் ஊழியர் வழங்கிய அந்தச் சாவி, உள்ளங்கையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டு.

என் மாணவர்களுக்கு இதனை விளக்கும்போது தோட்டத்து ஓடையின்மேல் கிடக்கும் ஒற்றைப் பலகைப் பாலத்தைச் சொல்வது வழக்கம். பாலத்தில் ஒருவர்தான் நடக்கலாம். இரு கரையிலும் கூட்டம் நிற்கின்றது. ஒரே ஒரு கோலை வைத்துக்கொண்டு, 'கோல் கையில் உள்ளவரே பாலத்தில் கால் வைக்கலாம்' என்று விதித்துவிட்டால் மோதல் எப்படி வரும்? உடனே ஒரு மாணவன் கேட்பான்: "இந்தக் கரையிலிருந்து இரண்டு பேர் அடுத்தடுத்துப் போக வேண்டியிருந்தால், ஐயா? கோல் முதல் ஆளோடு அக்கரைக்குப் போய்விடுமே!" நல்ல கேள்வி. இரயில் பொறியாளரும் இதே கேள்வியைத்தான் சந்தித்தனர். ஒரு கோலுக்குப் பதில் பல சாவிகளைச் செய்தனர். இரு நிலையங்களிலும் ஆளுக்கொரு பெட்டி வைத்துச் சாவிகளை அவற்றுள் பூட்டினர். இரு பெட்டிகளையும் மின்கம்பியால் பிணைத்தனர். இந்த நிலைய அதிபர் மணியடித்துக் கேட்க, அந்த நிலைய அதிபர் இசைந்து மின்னோட்டம் தந்தால்தான் இங்கே ஒரு சாவி வெளிவரும். ஒன்று வெளிவந்த கணமே இரு பெட்டிகளும் இறுகிவிடும். அந்தச் சாவி எதிர் நிலையத்துப் பெட்டியிலோ, எடுத்த பெட்டியிலேயோ மீண்டும் செருகப்படும்வரை வேறு சாவியை எவரும் எடுக்க இயலாது. மனிதர் மறந்தாலும் பெட்டி மறவாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவு இது. மின்னணு ஏதுமின்றி, கம்பியும் காந்தமும் கொண்டு செய்தது. இதனினும் தெளிவான கருவியை நான் அறியேன்.

தஞ்சோங் பகாரிலிருந்து புக்கிட் தீமா வரை ஒரு பகுதி. புக்கிட் தீமாவிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மற்றொரு பகுதி. ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு. ஆகவே ஒவ்வொரு வண்டியும், அது கோலாலம்பூர் இரவு அஞ்சல் வண்டியாயினும் வெறும் சரக்கு வண்டியாயினும், புக்கிட் தீமாவில் ஒரு சாவியைக் கொடுத்து மற்றொரு சாவியை வாங்கியாக வேண்டும். அதற்காக வண்டி நிற்பதில்லை. சாவியை ஒரு பையில் இட்டு, அப்பையைப் பெரிய வளையத்தில் கோத்திருப்பர். வண்டி வேகம் குறைத்து வரும்போது, எஞ்சினில் உள்ளவர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டு, நடைமேடையில் நிற்பவர் நீட்டும் புது வளையத்தைக் கையில் மாட்டிக்கொள்வார். ஒரு நொடிதான். தவறவிட்டால் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். சாவியின்றி அடுத்த பகுதியில் சக்கரம் உருளக்கூடாது என்பது விதி.

பயிற்சிக் கல்லூரி மாணவனாக இருந்த நாளில் இரவு வண்டியில் சிங்கப்பூர் சென்றபோது இதனை ஒரு முறை சன்னல் வழியே கண்டிருக்கிறேன். விடிந்தும் விடியாத நேரம். நடைமேடையில் ஒரு கை வளையத்தை உயர்த்திப் பிடித்திருந்தது. அடுத்த கணம் அந்தக் கை வெறுமையாயிருந்தது. உடன் வந்தவர் எவரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் கடவுச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தனர்.

எனவே இந்நிலையத்தைப் 'பயணிகள் அற்ற சிறு நிலையம்' என்று அளப்பது அளவுகோலின் பிழை. எத்தனை பேர் ஏறினர் என்பது நிலையத்துக்கு ஓர் அளவு. எத்தனை வண்டிகள் அதன் இசைவின்றி நகர முடியாது என்பது மற்றோர் அளவு. இரண்டாவது அளவால் பார்த்தால் சிங்கப்பூரில் ஓடிய வண்டிகள் அனைத்தும் புக்கிட் தீமாவைக் கேட்டே ஓடின.

வேறு சில வேலைகளும் அதற்கு இருந்தன. 1933 முதல் 1999 வரை குதிரைப் பந்தயத் திடல் புக்கிட் தீமாவில் இருந்தது. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்குப் பந்தயங்களுக்குச் செல்லும் குதிரைகளை இந்நிலையத்தில்தான் வண்டியேற்றினர். மனிதர் அதிகம் ஏறாத மேடையில் குதிரைகள் ஏறின என்பது வேடிக்கையே. 1960-களில் ஜூரோங் தொழிற்பேட்டை உருவானபோது, அங்கே சரக்குகளைக் கொண்டுசெல்ல இந்நிலையத்திலிருந்து கிளைப்பாதை ஒன்று பிரிந்தது. லாரிப் போக்குவரத்து வளர்ந்தபின் அதற்குப் போதிய சரக்கு கிடைக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் கிளை கைவிடப்பட்டது.

போர்க்காலத்தை விரைவாகக் கடந்து செல்லவே மனம் விரும்புகின்றது. 1942 சனவரி 31-இல் கடற்பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 8 இரவில் சப்பானியர் தீவில் இறங்கினர். சில நாட்களில் புக்கிட் தீமா பகுதி கடும் போர்க்களமாயிற்று. பிப்ரவரி 15-இல் அதே புக்கிட் தீமாச் சாலையின் மேற்பகுதியிலிருந்த ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் சரணடைந்தனர். அதன்பின், சயாம் மரண இரயில்பாதை அமைக்கச் சிங்கப்பூரிலிருந்து போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, ஏறத்தாழ ஐந்து நாள் பயணமாகச் சயாமின் பான்போங்குக்கு அனுப்பினர். வடக்கே செல்ல வேறு பாதை இல்லாமையால் அவ்வண்டிகள் எல்லாம் இந்நிலையத்தைக் கடந்தே சென்றன. நம் தோட்டங்களிலிருந்து அதே சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களைப் பற்றிப் பேசாத தமிழ்க் குடும்பம் மலேசியாவில் உண்டா? அவர்களுள் பெரும்பாலோர் ஏறியது வடக்கே வேறு நிலையங்களில். ஆனால் சென்று சேர்ந்த இடம் ஒன்றே.

1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. இரயிலோ மலேசியாவினது, அதன் நிலமும் 1918-இன் விற்பனைப்படி மலேசியாவினது. இதனால் ஒரு நாட்டின் நடுவே மற்றொரு நாட்டின் உடைமையான நிலம் நாடாபோல் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீண்டு கிடந்தது. அதன் இருமருங்கும் அடுக்குமாடிகள் எழுந்தன. இடையில் மரமும் புல்லும் அப்படியே வளர்ந்தன. புக்கிட் தீமா நாட்டுப்புறத் தோற்றத்தை இழக்காததற்குக் காரணம் எவருடைய அழகுணர்ச்சியும் அன்று. இரு அரசுகளும் உடன்படாமல் நின்றதே காரணம்.

உடன்படுவதற்கு முயற்சி நடக்காமலில்லை. 1990 நவம்பர் 27-ஆம் நாள் சிங்கப்பூர்ப் பிரதமராயிருந்த லீ குவான் யூவும், மலேசிய நிதியமைச்சராயிருந்த டாயிம் சைனுடினும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அதன்படி, இரயில் தஞ்சோங் பகாரை விட்டுப் பின்வாங்கிப் புக்கிட் தீமாவில் முடிய வேண்டும். புக்கிட் தீமாவுக்குத் தெற்கேயுள்ள பாதை நிலம் சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டும். தஞ்சோங் பகார் உள்ளிட்ட நிலங்களை இரு நாடுகளும் ஒரு கூட்டு நிறுவனத்தின் வழி, மலேசியாவுக்கு 60 பங்கு சிங்கப்பூருக்கு 40 பங்கு என்ற கணக்கில் வளர்க்க வேண்டும். முன்னர்க் குறித்த இரண்டாவது முறை இதுவே. 1903-இல் மூன்று மாதம் வடமுனையாக இருந்த நிலையம், தாய்லாந்து எல்லை வரை நீளும் இருப்புப்பாதையின் தென்முனையாக ஆகவிருந்தது! ஏட்டில் எழுதியது நாட்டில் நடக்கவில்லை. ஒப்பந்தத்தின் பொருள் என்ன, அது எப்போது நடைமுறைக்கு வரும் என்பதில் இரு தரப்பும் வேறுபட்டன. இருபதாண்டுகள் கழிந்தன.

அந்த இருபதாண்டில் விந்தையான நிலை ஒன்று ஏற்பட்டது. 1998 ஆகஸ்டு முதல் நாள் சிங்கப்பூர் தன் குடிநுழைவு, சுங்கச் சாவடிகளை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவின் சாவடி தஞ்சோங் பகாரிலேயே நீடித்தது. ஆகவே வடக்கே செல்லும் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைவதற்கான சோதனையை முடித்துக்கொண்டு, பிறகு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சிங்கப்பூரில் பயணம் செய்து, உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார். ஒரு நாட்டை விட்டுப் புறப்படுமுன்னரே மறு நாட்டில் புகுந்துவிட்டவர் வேறெங்கேனும் உண்டோ என்று அக்காலத்தில் கேலியாகப் பேசிக்கொண்டதுண்டு. புக்கிட் தீமாவைக் கடக்கும்போது அவர் எந்த நாட்டில் இருந்தார் என்பதைச் சட்டம் படித்தவரிடம்தான் கேட்க வேண்டும்.

2010 மே 24-இல் பிரதமர்கள் நஜிப் ரசாக்கும் லீ சியென் லூங்கும் இணக்கம் கண்டனர். இரயில் உட்லண்ட்ஸுக்குப் பின்வாங்கும். தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் நிலங்களுக்கும் புக்கிட் தீமாவிலுள்ள மூன்று துண்டு நிலங்களுக்கும் ஈடாக, நகர மையத்தில் மெரினா சவுத், ஓஃபிர் – ரோச்சோர் பகுதிகளில் கூட்டு நிறுவனத்துக்கு நிலம் வழங்கப்படும் என்று முடிவாயிற்று. பழைய நிலத்தின்மேல் வளர்ச்சிக் கட்டணம் உண்டா என்னும் ஒரு சிக்கல் மட்டும் அனைத்துலக நடுவர் மன்றம் வரை சென்று 2014-இல் முடிந்தது. இரு அரசுகளும் வாதத்தை வாதமாகவே நடத்தி, தீர்ப்பை ஏற்றுக்கொண்டன. அண்டை நாடுகளுக்கு இது பெருமைக்குரிய செயல் என்பது என் கருத்து.

2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது. அதனை ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராகிம். கடற்பாலம் திறந்தபோது சுல்தானாக இருந்தவரின் கொள்ளுப்பேரர் அவர். அந்நாட்களில் புக்கிட் தீமா நிலையத்தில் மக்கள் திரள் திரளாகக் கூடினர். எழுபத்தொன்பது ஆண்டுகளில் அந்த மேடை காணாத கூட்டம்! படம் எடுத்தவர்கள் பெரிதும் எடுத்தது வளையம் கைமாறும் காட்சியை. மற்ற இடங்களில் மின்சார அடையாளங்களும் கணிப்பொறியும் வந்துவிட்ட பிறகும் இங்கே சாவி கடைசி நாள்வரை கைமாறிக்கொண்டிருந்தது.

தண்டவாளம் 2011-இலேயே பெயர்க்கப்பட்டது. தஞ்சோங் பகார் நிலையம் அவ்வாண்டு ஏப்ரலில் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. மே மாதம் புக்கிட் தீமா நிலையக் கட்டடம் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. பாதையின் பெரும்பகுதி நடைபாதையாக மாறியது. செப்பனிடப்பட்ட நிலையம் 2022 ஜூலை முதல் நாள் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பழைய ஊழியர் குடியிருப்பு உணவகமாயிற்று.

காத்தவர்களைக் குறைகூறுதல் தகாது. செங்கல்லைக் காக்கலாம், பெயர்ப்பலகையைக் காக்கலாம், இரும்புப் பாலத்தைத் துருவகற்றி வண்ணம் பூசலாம். மணியடித்து இசைவு கேட்ட வேலையையும், ஓடும் எஞ்சினுக்கு வளையம் நீட்டிய கையின் பழக்கத்தையும் எந்தத் திட்டத்தால் காக்க முடியும்? அவை செய்தவரிடமே இருந்தன. அவர்களுள் தமிழர் பலர். ஓய்வுபெற்ற இரயில் ஊழியர்கள் இன்றும் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் நம் தோட்டப்புறங்களிலும் வாழ்கின்றனர். அவர்கள் சொல்லி நாம் எழுதாதவரை, இந்நிலையத்தின் வரலாறு நில ஒப்பந்தங்களின் வரலாறாகவே நின்றுவிடும். நம் பள்ளிகளில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் தம் தாத்தாக்களிடம் கேட்டு எழுதத் தகுந்த பொருள் இது.

மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கட்டடத்தைக் காட்டியபின், மேடையின் விளிம்பில் அவர்களை நிறுத்தி எதிரே பார்க்கச் சொல்லலாம். ஒரு பாதைக்கு வேண்டியதைவிட அங்கே வெளி அகன்றிருக்கும். வடக்கிலும் தெற்கிலும் அது குறுகி ஒற்றைத் தடமாகிவிடும். இரண்டு வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்ட அகலம் அது. நிலையத்தின் முன் ஒரு துண்டுத் தண்டவாளத்தைப் பெயர்க்காமல் விட்டிருக்கின்றனர். சிறிது தூரம் சென்று அது புல்லில் நின்றுவிடுகின்றது.